பனியில் எது காக்கிறது?

மார்கழி விடியலில் ஆரணித் தெருவில் பட்டுப் பாவு நீட்டுகிறவர்கள் காதை மூடித் துண்டு கட்டிக்கொண்டுதான் நிற்பார்கள். பனி தலையில் இறங்கினால் சளி பிடிக்கும் என்பது நம் வீடுகளில் யாரும் கேள்வி கேட்காத பாடம். அப்படியென்றால் வடதுருவத்துப் பனியிலேயே பிறந்து வளரும் மக்களின் உடம்பு எப்படித் தாக்குப்பிடிக்கிறது? வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு வீடு ராணுவத்துக்குப் போயிருக்கிறார்கள். அங்கிருந்து பனிமலைக் காவலுக்குப் போகும் பிள்ளைகளுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

நம் வீட்டுப் பாடத்தில் பாதி உண்மை உண்டு. வைரஸ் நுழைந்த செல், ‘திருடன், திருடன்’ என்று அண்டை வீட்டை எழுப்புவதுபோல, இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியிட்டுப் பக்கத்துச் செல்களை எச்சரிக்கும். சளிக்குப் பெரும்பாலும் காரணம் ரைனோவைரஸ். உடம்பின் உள்வெப்பமான 37 டிகிரியைவிட, மூக்குக்குள் நிலவும் 33 டிகிரியில் அது நன்றாகப் பெருகுகிறது. ஏனென்று யேல் பல்கலைக்கழகத்தில் எலியின் சுவாசப்பாதைச் செல்களை வைத்துப் பார்த்தார்கள். குளிர்ச்சியில் அந்த எச்சரிக்கைக் குரல் கம்மிப்போவது 2015இல் தெரியவந்தது. ஆனாலும் வைரஸ் இல்லாத இடத்தில் வெறும் குளிரால் சளி வராது.

வடக்கே நடந்ததைப் பார்த்தால் இது இன்னும் துலங்கும். வடதுருவ வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே ஃபாரோ தீவுகள். 1781க்குப் பிறகு 65 ஆண்டுகள் அங்கே தட்டம்மையே இல்லை. 1846இல் அது திரும்பி வந்தபோது, ஏறத்தாழ 7,800 பேரில் 6,000 பேருக்கு மேல் படுத்துவிட்டார்கள். ஆராயப்போன டேனிஷ் இளம் மருத்துவர் பீட்டர் பானம் ஒன்றைக் கவனித்தார். 1781இல் தட்டம்மை கண்டு பிழைத்திருந்த முதியவர்களில் ஒருவருக்குக்கூட அது மறுபடி வரவில்லை. எல்லாரும் ஒரே குளிரில் வாழ்ந்தவர்கள்தாம். கிருமியை முன்பே சந்தித்த உடம்பு மட்டும் 65 ஆண்டு கழித்தும் அதை மறக்கவில்லை.

கிரீன்லாந்து இனுயிட் மக்களின் கதை இன்னும் ஆழமானது. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான தடுப்பூசியில் பலவீனமாக்கிய உயிருள்ள வைரஸ்கள் இருக்கின்றன. கோடிக்கணக்கான குழந்தைகளைக் காத்த ஊசி அது. வடக்கே அரிதாகச் சில குழந்தைகளுக்கு மட்டும் அதுவே உயிருக்கு உலை வைத்தது. அவர்களிடம் ஐஎஃப்என்ஏஆர்2 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது 2022இல் வெளியானது. இன்டர்ஃபெரானின் குரலைக் கேட்கும் காது அந்த மரபணுவால் உருவாவது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய பிரதியைப் பெற்ற குழந்தைக்கு எச்சரிக்கை எட்டாது. கிரீன்லாந்தில் சுமார் 1,500 பேரில் ஒருவருக்கு இப்படி இருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சிறு கூட்டமாக, பிற மக்களோடு கலக்காமல் வாழ்ந்த இடத்தில் இம்மாற்றம் தலைமுறைகளாக ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. துருவத்து மனிதர் என்றால் நோயே அண்டாத இரும்பு உடம்பு என்ற நினைப்பை நாம் விட்டுவிட வேண்டும்.

இந்தியர்களும் துருவங்களில் தங்குகிறார்கள். அண்டார்டிகாவின் மைத்ரி நிலையத்தில் குளிர்காலம் கழித்தவர்களின் நோய் எதிர்ப்பு மாற்றங்களை பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் டிபாஸ் ஆய்வகம் ஆராய்ந்திருக்கிறது. தனிமை, இருட்டு, தூக்கக்கேடு எல்லாம் சேர்ந்து எதிர்ப்பாற்றலைத் தளர்த்த, உடம்புக்குள் உறங்கும் அக்கி வகை வைரஸ்கள் தலைதூக்குவதைப் பல நாட்டு நிலையங்களில் கண்டிருக்கிறார்கள். நார்வேயின் நீ-ஓலசுன்னில் 2008இல் திறந்த நம் ஹிமாத்ரி நிலையத்தில், 2023 டிசம்பரிலிருந்து குளிர்காலத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள். அங்கே ஏறக்குறைய நான்கு மாதம் சூரியனே எழாது.

வெயில் இல்லாத ஊரில் வைட்டமின் டி எங்கிருந்து வரும்? இனுயிட் மக்களுக்கு மீனும் கடல்நாயும் தந்தன. காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஒரு பொருளைச் சுரக்க நம் வெள்ளணுக்களுக்கு இந்த வைட்டமின் வேண்டும்.

ஆரணியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் விடிந்ததும் தறிக்குழியில் காலை இறக்கிப் பொழுது சாயும்வரை கூரைக்குள் இருக்கும் நெசவாளியின் தோலில் அது எப்போது படும்? தறியை நிறுத்தி நடுப்பகலில் கொஞ்ச நேரம் வெளியே வந்து நில்லுங்கள். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் பனியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம்.