பார்வையாளராகிவிடும் வாசகர்

அமெரிக்க எழுத்தாளர் சூசன் காலின்ஸின் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ 2008 செப்டம்பரில் பதின்பருவத்தினருக்கான புதினம் என்ற அடையாளத்துடன் வெளிவந்தது. ஆனால் அதை ஒரே மூச்சில் படித்துவிட்டு அடுத்த பாகத்துக்காகத் தவம் கிடந்தவர்களில் பெரியவர்களும் ஏராளம். கதை டிஸ்டோபியா எனும் வகையைச் சேர்ந்தது: இன்றைய சமூகத்தில் முளைவிட்டிருக்கும் ஒரு கேட்டை வருங்காலத்துக்குக் கொண்டுபோய், அது முற்றினால் மனித வாழ்க்கை என்னவாகும் என்று காட்டும் புனைவுக்கு இப்பெயர். ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ இவ்வகையில் பலரும் அறிந்தது. இளையோருக்கென லோயிஸ் லோரி எழுதிய ‘தி கிவர்’ 1993இலேயே வந்துவிட்டது. ஆகவே வகை புதிதல்ல. வாசகரை உள்ளே இழுத்துக்கொண்ட விதம்தான் ஆராயத்தக்கது.

கதை நடக்கும் பானெம் நாடு, அழிந்துபோன வட அமெரிக்காவின்மேல் எழுந்தது. செல்வம் கொழிக்கும் தலைநகரான கேபிட்டல், முன்பொரு காலத்தில் கிளர்ச்சி செய்த மாவட்டங்களுக்குத் தண்டனையாக, ஆண்டுதோறும் 12 மாவட்டங்களிலிருந்தும் ஓர் ஆண், ஒரு பெண் என 12 முதல் 18 வயது வரையிலான 24 பேரைக் குலுக்கலில் எடுத்து, ஒருவர் மட்டும் மிஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்லவைத்து, அதை நாடு முழுவதும் ஒளிபரப்புகிறது. இந்தக் குலுக்கலின் கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 12 வயதில் ஒரு சீட்டு, 13இல் இரண்டு எனச் சீட்டுகள் சேர்ந்துகொண்டே போகும் என்பது பொதுவிதி. அதற்குமேல், தன் பெயரைக் கூடுதலாக ஒருமுறை எழுதிப்போடச் சம்மதிக்கும் ஏழைப் பிள்ளைக்கு, ஒருவர் ஓராண்டை எப்படியோ ஓட்டுமளவு தானியமும் எண்ணெயும் கிடைக்கும். தனக்கு, தாய்க்கு, தங்கைக்கு என ஆண்டுக்கு மூன்று பங்கு வாங்கிவந்த நாயகி காட்னிஸின் பெயர், அவளுடைய 16ஆம் வயதில் 20 சீட்டுகளில் இருக்கிறது. அவளோடு வேட்டைக்குப் போகும் 18 வயது கேலின் வீட்டில் வயிறுகள் அதிகம் என்பதால், அவன் பெயர் 42 சீட்டுகளில். குலுக்கல் எல்லாருக்கும் பொது என்று அரசு சொல்லிக்கொள்ள, வறுமை சீட்டுகளைப் பெருக்கிக்கொண்டே போவதை ஆசிரியர் உபதேசம் எதுவுமின்றி வெறும் கூட்டல் கணக்காகக் காட்டிவிடுகிறார். அத்தனை சீட்டுகளுக்கு நடுவில், ஒரே ஒரு சீட்டுள்ள 12 வயதுத் தங்கை பிரிமின் பெயர் வாசிக்கப்படுவதோடு முதல் அத்தியாயம் நின்றுவிடுகிறது.

புதினத்துக்கு வருமுன் காலின்ஸ் சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு எழுதியவர். எங்கே நிறுத்தினால் பார்ப்பவர் எழுந்து போகமாட்டார் என்பது அவருக்குக் கைவந்த கலை. 27 அத்தியாயங்களும் ஒன்பது ஒன்பதாக மூன்று பகுதிகளில் அளந்து வைக்கப்பட்டிருக்கின்றன. பலவும் ஒரு புதிய ஆபத்தின் வாசலில் முடிகின்றன. வார இதழ்த் தொடர்கதைகளில் ‘தொடரும்’ என்ற சொல்லுக்குப் பழகிய தமிழ் வாசகருக்கு இது புதிய வித்தை இல்லைதான். அதைவிட நுட்பமானது கதைசொல்லும் காலம்: காட்னிஸ் தன் கதையைத் தன்மையில், நிகழ்காலத்தில் சொல்கிறாள். பின்னாளில் நினைவுகூர்ந்து சொல்லும் கதையென்றால் சொல்பவர் பிழைத்துவிட்டார் என்பது வாசகருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். நிகழ்காலம் அந்த நிம்மதியைத் தருவதில்லை.

படிப்பவர் சுற்றுப்புறத்தை மறந்து கதைக்குள் ஆழ்ந்துபோவதை உளவியலாளர்கள் ஒருவகைப் பயணமாகக் கருதுகின்றனர். மெலனி கிரீன், திமோதி பிராக் ஆகிய இருவரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், கதையில் மிகுதியாக ஆழ்ந்தவர்கள், உண்மைக்குப் பொருந்தாததாகத் தோன்றும் இடங்களைக் குறிக்கச் சொன்னபோது குறைவாகவே குறித்தனர் என்பதும், அவர்களுடைய கருத்துகள் கதையின் போக்கோடு அதிகம் ஒத்துப்போயின என்பதும் தெரியவந்தன. அதாவது, ஆழ்ந்து படிக்கும் மனம் கதையோடு வாதாடுவதைக் குறைத்துக்கொள்கிறது.

காலின்ஸின் கெட்டிக்காரத்தனம் இந்த இடத்தில்தான் வெளிப்படுகிறது. ஓர் இரவு தொலைக்காட்சி அலைவரிசைகளை மாற்றிக்கொண்டிருந்தபோது, இளைஞர்கள் போட்டியிடும் ரியாலிட்டி நிகழ்ச்சியும் ஈராக் போர்க் காட்சிகளும் ஒன்றோடொன்று கலந்து தோன்றியதே இக்கதைக்கு வித்து என்று அவர் கூறியுள்ளார். கிரீட் தீவின் மினோட்டாருக்கு இரையாக ஏதென்ஸ் தன் பிள்ளைகளை அனுப்பிய கிரேக்கத் தொன்மமும் அதில் சேர்ந்துகொண்டது. புதினத்தின் மூன்றாம் பகுதியில், காயம்பட்டுக் காய்ச்சலில் கிடக்கும் தன் மாவட்டத்துச் சக போட்டியாளன் பீட்டாவுக்கு, தங்கைக்குப் பதிலாகத் தானே போட்டிக்கு வந்த காட்னிஸ் ஒரு குகையில் முத்தம் கொடுக்கிறாள். சற்று நேரத்தில் வெள்ளி நிறப் பாராசூட் ஒன்றில் சூடான சூப் வந்து இறங்குகிறது. காசுள்ள பார்வையாளர்களின் பணத்தில் இத்தகைய பரிசுகளை வாங்கி அனுப்புபவன் அவர்களுடைய பயிற்சியாளன் ஹேமிட்ச். ஒரு முத்தத்துக்கு ஒரு பாத்திரம் சூப் என்ற விலைப்பட்டியலை அவள் உடனே புரிந்துகொள்கிறாள். ஆனால் அவ்வேளையில் வாசகரோ, அவள் உண்மையிலேயே அவனைக் காதலிக்கிறாளா என்று அறியும் ஆவலில் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்; கேபிட்டலில் திரைமுன் அமர்ந்திருப்பவர்களின் ஆவலும் அதுவேதான். கொலைக்காட்சியை வெறுக்கச் சொல்லும் கதை, அடுத்து யார் சாவார் என்று தெரிந்துகொள்ளத் துடிக்கவும் வைக்கிறது. இதைக் குறையென்று சிலர் சொல்லக்கூடும். நூலின் வலிமையே அதுதான் என்று கொள்வது பொருத்தம்.

புத்தகத்துக்கு வெளியேயும் இந்த இரட்டை நிலை தொடர்ந்தது. 2013இல் இரண்டாம் பாகம் திரைக்கு வந்தபோது, எந்தக் கேபிட்டலின் பகட்டைக் கதை சாடுகிறதோ அதன் பெயரிலேயே ஒப்பனைப் பொருள்கள் விற்பனைக்கு வந்தன. மறுபுறம், 2014 மே மாத இராணுவப் புரட்சிக்குப் பின் தாய்லாந்திலும், 2021இல் மியான்மரிலும் போராட்டக்காரர்கள் கதையில் வரும் மூன்றுவிரல் வணக்கத்தை எதிர்ப்பின் அடையாளமாக உயர்த்தினர். தாய்லாந்தில் அதற்காகக் கைதானவர்களும் உண்டு.

2025இல் வெளிவந்த ‘சன்ரைஸ் ஆன் தி ரீப்பிங்’ புதினத்தில் காலின்ஸ் வாசகரைப் பார்வையாளராக்கும் இந்த உத்தியை இன்னும் ஒருபடி மேலே கொண்டுபோயிருக்கிறார். சிலர் பலரை இவ்வளவு எளிதாக ஆள முடிவது எப்படி என்ற தத்துவஞானி டேவிட் ஹியூமின் கேள்வியிலிருந்து பிறந்த அந்நூல், ஹேமிட்ச் இளம்வயதில் வென்ற 50ஆம் போட்டியைச் சொல்கிறது. அப்போட்டியின் ஒளிப்பதிவைக் காட்னிஸும் பீட்டாவும் போட்டுப் பார்ப்பதாக 2009இல் வந்த இரண்டாம் பாகத்திலேயே ஒரு காட்சி உண்டு. அவன் வென்ற கதை அதுதான் என்றே வாசகர்களும் 16 ஆண்டுகள் நம்பியிருந்தனர். அந்த ஒளிப்பதிவு கேபிட்டல் தனக்கு ஆகாதவற்றை வெட்டி, ஆனவற்றை ஒட்டித் தயாரித்தது என்பது புதிய நூலில்தான் தெரியவருகிறது.