மலை மிதிவண்டி இரவு விளக்குகள்

மலை மிதிவண்டி இரவு விளக்குகள் என்பவை, தெருவிளக்கு இல்லாத காட்டுத் தடங்களிலும் மலைச் சரிவுகளிலும் இரவில் மிதிவண்டி ஓட்டுவோர் பயன்படுத்தும் விளக்குகள் ஆகும். நகரச் சாலைகளில் மிதிவண்டி விளக்கின் முதன்மை நோக்கம், பிறர் மிதிவண்டியைக் காணச் செய்வது. மலைத் தடத்திலோ கல், வேர், பள்ளம் ஆகியவற்றை ஓட்டுநரே காண வேண்டும். எனவே இவ்விளக்குகளுக்குக் கூடுதல் ஒளி தேவைப்படுகிறது. எல்.ஈ.டி. எனப்படும் ஒளியுமிழ் இருமுனையங்களும் லித்தியம்-அயனி மின்கலங்களும் மலிவானபின், குறைந்த செலவில் இவ்வமைப்பை உருவாக்குவது எளிதாகியுள்ளது.

வரலாறு

மலை மிதிவண்டி ஓட்டம் 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள மாரின் கவுண்டிப் பகுதியில் உருப்பெற்றது. 1992-ல் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் '24 அவர்ஸ் ஆஃப் கனேன்' என்னும் 24 மணிநேர அணிப் போட்டி தொடங்கியது. இத்தகைய போட்டிகளுக்கு இரவு முழுவதும் எரியும் விளக்குகள் இன்றியமையாதவை.

அக்காலத்தில் கடைகளில் கிடைத்த விளக்குகளின் விலை மிகுதியாக இருந்தது. ஆகவே பலர், வீட்டு அலங்காரத்துக்குப் பயன்படும் 12 வோல்ட்டு ஆலசன் குமிழ்களை நெகிழிக் குழாய் இணைப்புகளில் பொருத்தி, மூடிய ஈய-அமில மின்கலத்துடன் இணைத்துத் தாமே விளக்குகளைச் செய்துகொண்டனர். 12 வோல்ட்டு, 7 ஆம்பியர்-மணி அளவுள்ள இத்தகைய மின்கலம் 2 கிலோகிராமுக்கு மேல் எடை கொண்டது. குமிழுக்கு 10 விழுக்காடு கூடுதல் மின்னழுத்தம் கொடுத்தால், ஒளி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆனால் குமிழின் ஆயுள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

வணிக நோக்கில் லித்தியம்-அயனி மின்கலம் 1991-லும், வெள்ளை ஒளியுமிழ் இருமுனையம் 1996-லும் வெளிவந்தன. 2000களின் இறுதியில் இவ்விரண்டையும் இணைத்த மலிவான விளக்குகள் சந்தைக்கு வந்தபின், ஆலசன் விளக்குகள் படிப்படியாக வழக்கொழிந்தன.

தேவையான ஒளி

விளக்கின் ஒளி, ஓட்டுநர் வண்டியை நிறுத்தத் தேவைப்படும் தொலைவைத் தாண்டிச் செல்ல வேண்டும். உணர்ந்து செயல்பட 1 நொடி ஆகும் எனவும், மண் தடத்தில் தடையின் எதிர்முடுக்கம் 3 மீ/நொடி² எனவும் கொண்டால், மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் நிற்க ஏறத்தாழ 11 மீட்டரும், 30 கி.மீ. வேகத்தில் 20 மீட்டரும் தேவை. இறக்கத்தில் இத்தொலைவு இன்னும் கூடும். ஒளிச்செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், இருமடங்கு தொலைவில் அதே வெளிச்சத்தைப் பெற நான்கு மடங்கு ஒளி வேண்டும். எனவே விளக்கு மங்கலாக இருந்தால் வேகத்தைக் குறைப்பதே முதல் தீர்வாகும்.

இரு விளக்கு அமைப்பு

பொதுவாகக் கைப்பிடியில் ஒன்றும் தலைக்கவசத்தில் ஒன்றுமாக இரு விளக்குகள் பொருத்தப்படுகின்றன.

கைப்பிடி விளக்கு: இது கண்ணுக்குக் கீழே இருப்பதால், கற்களுக்கும் பள்ளங்களுக்கும் பின்னால் விழும் நிழல் ஓட்டுநருக்குத் தெரியும். இந்நிழலே மேடுபள்ளத்தின் அளவை உணர்த்துகிறது. அகன்று பரவும் ஒளி இதற்கு ஏற்றது.

தலைக்கவச விளக்கு: ஓட்டுநர் தலையைத் திருப்பும் திசையில் இது ஒளி வீசும். கூர்மையான வளைவுகளில் கைப்பிடி விளக்கு தடத்துக்கு வெளியே ஒளி வீசும்போது இது வளைவின் உட்புறத்தைக் காட்டும். குறுகிய ஒளிக்கற்றை இதற்கு ஏற்றது. பார்வைக்கோட்டை ஒட்டியே ஒளி செல்வதால் நிழல்கள் மறைந்து, தரை தட்டையாகத் தோன்றும். மூடுபனியிலும் புழுதியிலும் ஒளி சிதறிக் கண்ணைக் கூசச் செய்யும்.

ஒரே ஒரு விளக்கு வாங்க இயலுமெனில், வளைவுகள் மிகுந்த தடங்களில் தலைக்கவச விளக்கும், பனி, புழுதி மிகுந்த இடங்களில் கைப்பிடி விளக்கும் கூடுதல் பயன் தரும். மின்னேற்றத்தக்க கைவிளக்கு ஒன்றை இரப்பர்ப் பட்டையால் கைப்பிடியில் இறுகக் கட்டுவது செலவு குறைந்த வழிகளுள் ஒன்று.

மின்கலமும் எரியும் நேரமும்

இவ்விளக்குகளில் '18650' வகை மின்கலங்கள் பரவலாகப் பயன்படுகின்றன. இவை 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உடையவை. 2600 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவும் 3.7 வோல்ட்டு மின்னழுத்தமும் கொண்ட நான்கு மின்கலங்கள் சேர்ந்து ஏறத்தாழ 38 வாட்டு-மணி ஆற்றல் தரும். மின்சுற்றின் இழப்பு 15 விழுக்காடு எனக் கொண்டால், 10 வாட்டு விளக்கு ஏறத்தாழ மூன்றேகால் மணிநேரம் எரியும். கடுங்குளிரில் இந்நேரம் குறையும்.

மலிவுப் பொருள்களில் பொய்யான அளவுகள் அச்சிடப்படுவதுண்டு. இவ்வகை மின்கலத்தில் 6000 அல்லது 9900 மில்லி ஆம்பியர்-மணி என்று குறிக்கப்பட்டிருந்தால் அதை நம்பலாகாது. லூமென் அளவும் இவ்வாறே மிகைப்படுத்தப்படுகிறது. 10 வாட்டு விளக்கிலிருந்து 5000 லூமென் கிடைக்கும் என்பது நடைமுறைக்கு ஒவ்வாதது. இத்தகைய கூற்றுகளை ஒப்பிட, அமெரிக்காவில் 2009-ல் வெளியிடப்பட்ட எஃப்.எல்.1 தரம் கைவிளக்குகளின் ஒளி, எரியும் நேரம் ஆகியவற்றை அளக்கும் முறையை வரையறுக்கிறது.

பாதுகாப்பு

லித்தியம்-அயனி மின்கலத்தை அளவுக்கு மீறி மின்னேற்றினாலோ குறுக்குச்சுற்று ஏற்பட்டாலோ தீப்பிடிக்கக்கூடும். செலவைக் குறைக்க விரும்புவோர் விளக்கின் கூட்டிலும் பொருத்தியிலும் குறைக்கலாம். மின்கலத்திலும் மின்னேற்றியிலும் குறைக்கலாகாது. பாதுகாப்புச் சுற்று உள்ள மின்கலங்களையே பயன்படுத்த வேண்டும். அடிபட்டவற்றையும் வீங்கியவற்றையும் விலக்க வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் மின்னேற்றலாகாது.

பல விளக்குகள் ஓட்டத்தின்போது வீசும் காற்றால் குளிர்கின்றன. நிற்கும்போது ஒளியைக் குறைக்காவிடில் அவை மிகையாகச் சூடேறும். தடத்தின் நடுவே விளக்கு அணைந்தால் ஓட்டுநர் முழு இருளில் சிக்குவார் என்பதால், தனி மின்கலம் கொண்ட சிறு விளக்கு ஒன்றைக் கூடுதலாக எடுத்துச் செல்வது அவசியம். சாலைக்குத் திரும்பியதும் எதிரே வருவோரின் கண் கூசாதபடி விளக்கைத் தாழ்த்தி, ஒளியைக் குறைக்க வேண்டும்.