நகத்தடியில் வலியா? பாசாங்கு என்று தள்ளாதீர்கள்!



விடியற்காலைப் பனியில் மரம் சீவப் போகிறீர்கள். உளியைப் பிடித்ததும் ஒரே ஒரு விரலின் நகத்தடியில் 'சுரீர்' என்று வலி. அடிபடவில்லை, சீழும் இல்லை. பெரட்டில் சொன்னால், "வேலைக்கு மட்டம் போடப் பாக்கிறியா?" என்பார்கள். வீட்டிலோ, "நகச்சுத்திதான், எலுமிச்சம்பழத்தைச் செருகு" என்பார்கள். இரண்டுமே தவறாக இருக்கலாம்.

முதலில் நகத்தைத் தெரிந்துகொள்வோம். கண்ணுக்குத் தெரியும் நகம் உயிரில்லாத தகடு. அதனால்தான் நகம் வெட்டினால் வலிப்பதில்லை. நகத்தை உண்டாக்குவது நகவேர். அது தோலுக்குள் மறைந்திருக்கிறது. நகத்தின் அடியில் தெரிகிற வெள்ளைப் பிறை அதன் முன்பகுதி. தகட்டைத் தாங்கும் சதை நகப்படுகை. கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். விழுந்த நகம் முழுதாக முளைக்க ஏறக்குறைய 6 மாதம் ஆகும்.

வலி வருவது அந்தச் சதையிலிருந்துதான். அங்கே சூடு, குளிருக்கு ஏற்ப இரத்த ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் நுண்ணிய உறுப்புகள் உண்டு. 'குளோமஸ்' என்பது அவற்றின் பெயர். அபூர்வமாகச் சிலருக்கு அதில் சிறு கட்டி உண்டாகிறது. இந்த நோயை வில்லியம் வுட் என்ற மருத்துவர் 1812-இலேயே எழுதி வைத்தார். கட்டி எதிலிருந்து வருகிறது என்பதை 1924-இல் பிரெஞ்சு மருத்துவர் பியேர் மாஸோன் விளக்கினார்.

அடையாளம் மூன்று: தாங்க முடியாத வலி, குளிர்ந்த தண்ணீர் பட்டால் அது கூடுதல், தீக்குச்சி முனையால் மெல்ல அழுத்தினால் ஒரே புள்ளியில் மட்டும் துடிப்பு. சிலருக்கு நகத்தடியில் நீலமாகவோ சிவப்பாகவோ ஒரு புள்ளி தெரியும். நகம் நீளவாக்கில் பிளப்பதும் உண்டு. இது பெண்களுக்கே அதிகம் வருகிறது.

பயப்பட வேண்டாம். இது பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. ஆனால் பத்துப் போட்டாலும் மாத்திரை விழுங்கினாலும் கட்டி போகாது. விரலை மட்டும் மரக்க வைத்து, நகத்தைத் தூக்கிக் கட்டியை முழுதாக எடுத்துவிட்டால், பெரும்பாலோருக்கு வலி அடியோடு நின்றுவிடும். கொஞ்சம் மிச்சம் வைத்தால் திரும்பவும் வரலாம்.

ஆகவே பிளேடால் நீங்களே நோண்டாதீர்கள். அரசாங்கக் கிளினிக்குக்குப் போய், "நகம் வலிக்குது" என்று மட்டும் சொல்லாமல், எப்போது, எந்த இடத்தில், குளிரில் எப்படி என்று விவரமாகச் சொல்லுங்கள். ஜொகூர் பாரு சுல்தானா அமீனா போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேளுங்கள். நகத்தில் கருங்கோடு தோன்றி அகலமாகிக்கொண்டே போனால், வலி இல்லாவிட்டாலும் உடனே காட்டுங்கள். அது வேறு நோயாக இருக்கலாம்.

விரல்தான் நமக்குச் சோறு போடுகிறது. அதன் வலியைச் சொல்ல வெட்கம் எதற்கு?