ஐகானைச் சொடுக்கினால் பாத் மாறுவது ஏன்?

டெர்மினலில் பாண்டாக் ஓடுகிறது. அதே மேக்கில் ஈமாக்ஸை ஐகானைச் சொடுக்கித் திறந்து, அதற்குள்ளிருந்து பாண்டாக்கைக் கூப்பிட்டால் அப்படி ஒரு நிரலே இல்லை என்கிறது. குழப்பத்தைக் கூட்ட, கிட் மட்டும் இரண்டு இடத்திலும் ஓடும். உடனே பாண்டாக்கை நீக்கிவிட்டு மறுபடி நிறுவாதீர்கள். அது இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

டீயைக் குடித்துக்கொண்டே நிதானமாகப் பார்ப்போம். யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் ஒவ்வொரு ப்ராசஸையும் வேறொரு ப்ராசஸ்தான் பெற்றெடுக்கிறது. பாத் என்பது நிரலை எந்தெந்த ஃபோல்டர்களில் தேடுவது என்று சொல்லும் பட்டியல். அது முதலான என்விரான்மென்ட் வேரியபிள்கள், பிள்ளை வெளியூர் கிளம்பும்போது அம்மா கட்டிக்கொடுக்கும் சோறு மாதிரி. கிளம்பும்போது கொடுத்தது எதுவோ அதுதான். பிறகு வீட்டில் என்ன சமைத்தாலும் பிள்ளை கைக்கு வராது.

டெர்மினலில் தட்டும்போது தாய், ஷெல். ஹோம்ப்ரூவை நிறுவியபோது இசட்-ப்ரொஃபைல் கோப்பில் ஒரு வரி சேர்த்தீர்களே, அதை ஷெல் படித்து பாத்தை நீட்டிக்கொள்கிறது. ஐகானைச் சொடுக்கும்போது ஷெல் நடுவில் வருவதே இல்லை. 2005இல் டைகர் என்ற மேக் பதிப்போடு வந்த லாஞ்ச்-டிதான் அங்கே தாய். அது உங்கள் ஷெல் கோப்புகளைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அது தரும் பாத்தில் கணினியோடு வந்த நான்கு ஃபோல்டர்கள்தான். ஆப்பிள் வைத்த கிட் அவற்றில் ஒன்றில் இருக்கிறது. ஹோம்ப்ரூ கொண்டுவந்த பாண்டாக் இல்லை. ஈமாக்ஸில் கெட்-என்வ் கட்டளையைக் கொடுத்து பாத் என்று தட்டிப் பாருங்கள். டெர்மினல் காட்டுவதைவிடக் குட்டையாக இருக்கும்.

தீர்வு தேடினால் என்விரான்மென்ட் பிலிஸ்ட் என்ற பழைய கோப்பைக் கைகாட்டுவார்கள். 2012இல் வந்த மவுன்டன் லயன் பதிப்பிலிருந்து அது வேலை செய்வதில்லை. லாஞ்ச்-சிடிஎல் செட்-என்வ் சில வேரியபிள்களுக்கு உதவும். ஆனால் கணினியை அணைத்தால் போய்விடும். எனக்குப் பிடித்தது, நிரலே ஷெல்லை ஒருமுறை ஓடவிட்டு அதனிடம் கேட்டுக்கொள்வது. ஈமாக்ஸுக்கு எக்ஸெக்-பாத்-ஃப்ரம்-ஷெல் என்ற பேக்கேஜ் அதைத்தான் செய்கிறது. விஎஸ் கோட் தானாகவே செய்துகொள்கிறது. இப்படிச் செய்தால் பாத்தை ஒரே இடத்தில் எழுதினால் போதும். இரண்டு இடத்தில் எழுதி வைத்தால் ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை மறப்பது நிச்சயம். இதே சிக்கலுக்கு சிஸ்டம்-டி உள்ள லினக்ஸில் கான்ஃபிக் ஃபோல்டருக்குள் என்விரான்மென்ட்-டி என்று ஒரு ஃபோல்டர் வைத்து அதில் ஒரு கோப்பில் எழுதலாம்.

எதை மாற்றினாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு அது போய்ச் சேராது. லினக்ஸில் வெளியேறி மறுபடி லாகின் செய்யுங்கள். மேக்கில் ஜன்னலை மூடினால் மட்டும் நிரல் நிற்காது. கமாண்ட்-க்யூ அழுத்தி நிறுத்திவிட்டுத் திறங்கள்.