உங்களுக்குத் தெரியுமா? பாட்டுக்குள் ஒளிந்திருக்கும் 12 குறிகள்

கடையில் வாங்கிய ஆடியோ சிடியில் பாட்டு மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்கிறீர்களா? பல சிடிகளில், இசைக்குப் பக்கத்திலேயே ஓடும் துணைத் தடம் ஒன்றில், காதுக்கு எட்டாத ஓர் அடையாளக் குறியீடு மீண்டும் மீண்டும் எழுதப்பட்டிருக்கும். அதன் பெயர் ஐ.எஸ்.ஆர்.சி. சர்வதேசத் தரப்படுத்தல் அமைப்பு 1986-இல் இதற்கு விதி வகுத்தது.

எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 12 இடங்கள். முதல் ஐந்தும் குறியீடு வழங்கும் பதிவுதாரரின் முன்னொட்டு. அடுத்த இரண்டு, ஆண்டு; கடைசி ஐந்து, வரிசை எண். அந்த ஆண்டைப் பார்த்து, பாட்டு எப்போது பாடப்பட்டது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். குறியீடு கொடுத்த ஆண்டுதான் அது! 1960-களின் பழைய பாடலுக்கு 2005-இல் குறியீடு வாங்கினால் ‘05’ என்றே இருக்கும்.

இன்னொரு வேடிக்கை: இது பாட்டுக்கு உரியதல்ல, ஒலிப்பதிவுக்கு உரியது. அதே பாடகர் அதே பாட்டை மேடையில் பாடி வெளியிட்டால் வேறு குறியீடு, ரீமிக்ஸுக்கு இன்னொன்று. ஆனால் உரிமை எத்தனை கை மாறினாலும் குறியீடு மாறாது.

சிடியை எம்பி3 ஆக்கும்போது இந்தக் குறியீடு பல சமயம் தொலைந்துபோகும். ஒலியோடு அது கலந்திருப்பதில்லை என்பதே காரணம். எம்பி3 கோப்பின் விவரப் பகுதியில் இதற்கெனத் தனி இடம் உண்டு. நாம்தான் நிரப்ப வேண்டும்.

சொந்தமாகப் பாட்டு வெளியிடப் போகிறீர்களா? வெளியீட்டுக்கு முன்பே குறியீட்டை வாங்கிவிடுங்கள். பாட்டு எத்தனை முறை ஒலித்தது என்று ராயல்டிக் கணக்குப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்.