ஏரியும் ஓலையும்: உத்தரமேரூர் கண்ட ஊராட்சி

வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களுமே மாணவர்தம் நினைவுக்கு வருதல் இயல்பு. உழுதுண்டு வாழ்ந்த ஓர் ஊருக்கும் வரலாறு உண்டோ எனின், உண்டு. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூர் அதற்குச் சான்று. அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று கி.பி. 919-இலும், மற்றொன்று 921-இலும் பொறிக்கப்பட்டவை. மன்னனின் வெற்றியைப் பாடுவது அவற்றின் நோக்கமன்று. ஊர்ப் பொதுக் காரியங்களைப் பார்ப்போரை எவ்வாறு தேர்வது என்பதையே அவை கூறுகின்றன.

இவ்வளவு கவலை ஏன் வேண்டியிருந்தது? விடை அவ்வூர் ஏரியில் இருக்கிறது. தொண்டை நாடு ஏரிப்பாசன நாடு. மழைக்காலத்தில் சில வாரங்களிற் பெய்யும் நீரைத் தேக்கினாலன்றி அங்கே நெல் விளையாது. உத்தரமேரூரின் பேரேரிக்கு வைரமேக தடாகம் என்று பெயர். அதனைத் தூர் வாருவதற்காகப் பல்லவர் காலத்திலேயே பொன் கொடுத்தோர் உண்டு. ஏரி ஒருவருக்கு உரியதன்று. கரை உடைந்தால் அனைவர் பயிரும் அழியும். மண் மேடிட்டால் அனைவர் நிலமும் காயும். ஆகவே பொதுப் பொருளைக் கையாள்வோர் நம்பத்தக்கவராய் இருத்தல் உயிர்நிலையான தேவையாயிற்று.

ஊர் 30 குடும்புகளாக, அதாவது 30 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயர்களைத் தனித்தனி ஓலைகளில் எழுதிக் கட்டிக் குடத்தில் இடுவர். சிறுவர் முதல் முதியோர் வரை சபை கூடியிருக்க, ஏதுமறியாச் சிறுவன் ஒருவன் ஓர் ஓலையை எடுப்பான். அதனை வாங்குபவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையிலேயே ஏற்க வேண்டும். ஓலையை மாற்றிவிட்டார் என்ற ஐயத்துக்கு அங்கே இடமில்லை. பின்னர் அப்பெயர் அனைவரும் கேட்க வாசிக்கப்படும். இதுவே குடவோலை முறை. இவ்வாறு தேர்ந்த முப்பதின்மரில் 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் அமர்த்தப்பட்டனர். தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் முன்னர்ப் பணியாற்றியோர்க்கே சம்வத்சர வாரியத்தில் முதலிடம் தரப்பட்டது. பதவிக்காலம் 360 நாள். குற்றம் செய்தவர் உடனே நீக்கப்படுவர்.

தகுதிகளோ கடுமையானவை. இறை செலுத்தும் நிலம் கால் வேலியேனும் வேண்டும், சொந்த மனையிற் கட்டிய வீடு வேண்டும், வேதக்கல்வி வேண்டும். 919-இல் வயது வரம்பு 30 முதல் 60 வரை. 921-இல் அது 35 முதல் 70 வரை என்று திருத்தப்பெற்றது. தாம் வகுத்த விதியில் குறை கண்டவுடன், இரண்டே ஆண்டுகளில் அதனைத் திருத்தியமை கருதத்தக்கது. யாவற்றினும் சிறந்த விதி கணக்குப் பற்றியது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் நிற்க இயலாது. அவர் மட்டுமல்லர், அவருடைய தந்தை, மகன், மருமகன், மாமனார், மைத்துனர் முதலிய உறவினர் பெயரும் குடத்திற் புகா.

மாணவர்களே, பழம்பெருமையை மட்டும் பேசுதல் வரலாற்றறிவு ஆகாது. உத்தரமேரூர் அந்தணர்க்கு வழங்கப்பெற்ற சதுர்வேதிமங்கலம். பெண்டிர் பெயர் குடவோலையில் இல்லை. நிலமின்றிப் பிறர் வயலில் உழைத்தோர் பெயரும் இல்லை. ஏரி நீரால் விளைந்த நெல்லை நட்டும் அறுத்தும் கொடுத்தவர்கள், அவ்வேரியைக் காப்போரைத் தேர்வதில் பங்கின்றி இருந்தனர். அக்குறையை நீக்க ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73-ஆம் திருத்தம், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் ஊராட்சிகளில் இடங்களை ஒதுக்கியது. வாக்காளர் அனைவரையும் உறுப்பினராகக் கொண்ட கிராம சபைக்கும் அரசியலமைப்பில் இடம் தந்தது.

ஆயினும் வாயில் திறந்துவிட்டால் மட்டும் போதுமா? அன்று உரிமையுடையோர் சிலர். ஆனால் கணக்குக் கேட்பதில் அவர்கள் கண்டிப்பாக இருந்தனர். இன்று உரிமை அனைவர்க்கும் உண்டு. கணக்குக் கேட்கும் கடமையும் அனைவர்க்கும் உண்டு. உங்கள் ஊரிலும் ஓர் ஏரியோ குளமோ இருக்கும். அதன் மதகும் வரத்துக்காலும் எந்நிலையில் உள்ளன, தூர் வாரச் செலவிட்ட தொகை எவ்வளவு என்று கிராம சபையிற் கேளுங்கள். அக்கேள்வியும் விடையும் உங்கள் ஊர் வரலாற்றின் ஒரு பக்கமே ஆகும்.