கப்பல் தலைவனின் வயது

"ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் உள்ளன. கப்பல் தலைவனின் வயது என்ன?"

நண்பர்களே, சிரிக்க வேண்டாம். பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரில் 1980ஆம் ஆண்டையொட்டி ஆய்வாளர்கள் இத்தகைய வினாவைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் 97 பேரிடம் கேட்டனர். 76 பேர் ஆடுகளைக் கொண்டே வயதைக் கண்டுபிடித்துவிட்டனர்! அந்த வயதில் நானும் 36 என்றுதான் எழுதியிருப்பேன். இரண்டு எண்களைக் கண்டால் கூட்டு, 'மீதி' என்ற சொல்லைக் கண்டால் கழி என்பதே நான் பழகிய கணிதம்.

ஒரு நிகழ்ச்சியில் எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரித்து, அதைக் கணக்காக்கி, வந்த விடை நடப்புக்குப் பொருந்துமா என்று திரும்பிப் பார்ப்பதே கணித மாதிரியாக்கம். நமக்கோ அது வகைக்கெழுச் சமன்பாடுகளோடுதான் அறிமுகமாகிறது. அதன் வேர் மூன்றாம் வகுப்பிலேயே இருக்கிறது. ஆனால் அதை அளப்பது எப்படி?

எங்கள் ஊர் இரும்பை. மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் எட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். ஒருநாள் இப்படிக் கேட்டேன்: "பௌர்ணமிக்குத் திருவக்கரை கோயிலுக்கு 27 பேர் போகிறார்கள். ஒரு வேனில் 12 பேர் உட்காரலாம். எத்தனை வேன் வேண்டும்?"

நால்வர் "2, மீதி 3" என்றனர். இருவர் 3 என்றனர். இருவர் 2 என்று எழுதினர். அவ்விருவருக்கும் சிவப்பு மையால் தவறு போட்டேன். ஒருவன் பேசாமல் வாங்கிக்கொண்டான், மீதியை மறந்திருந்தான். ஐந்தாம் வகுப்புச் சிறுமி மட்டும் விடவில்லை. "மூணு பேரு சின்னப் புள்ளைங்கன்னா மடியில வச்சிக்கலாம் அக்கா. மூணாவது வேனுக்கு யாரு காசு குடுப்பாங்க?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. இருவரும் எழுதியது ஒரே எண். ஆனால் அவள் ஒரு நிபந்தனையை வைத்து, செலவையும் எண்ணிப் பார்த்திருக்கிறாள். விடையை மட்டும் திருத்துகிற தாளில் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

அமெரிக்காவிலும் 1983இல் இதே கதை வெளிவந்தது. 1128 படைவீரர்கள், பேருந்துக்கு 36 பேர், எத்தனை பேருந்துகள்? 13 வயது மாணவரில் சுமார் 70 விழுக்காட்டினர் வகுத்தலைச் சரியாகச் செய்தனர். 32 பேருந்துகள் என்று சொன்னவர் 23 விழுக்காட்டினரே. 29 விழுக்காட்டினர் "31, மீதி 12" என்றனர்!

நிற்க. இதற்கு மறுபக்கமும் உண்டு. கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வியாபாரம் செய்யும் சிறுவர்களைப் பற்றி அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலியோர் எழுதிய ஆய்வு 2025இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. கடையில் மனக்கணக்காகவே சில்லறை கொடுக்கும் பிள்ளைகள், பள்ளிக் கணக்கின் வடிவில் கேட்டால் தடுமாறுகின்றனர். பள்ளிப் பிள்ளைகளுக்கோ சந்தைக் கணக்கு வரவில்லை. எனக்கு இது புதிதல்ல. என் அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. மல்லாட்டை விற்கையில் ஈரத்துக்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்று கையில் அள்ளிப் பார்த்தே சொல்லிவிடுவார். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆளான எனக்கு அந்தக் கணக்கு வராது.

ஆகவே இப்பொழுது விடைக்குப் பாதி மதிப்பெண்தான் தருகிறேன். எதை எடுத்தாய், எதை விட்டாய், விடை நடக்கக்கூடியதா என்று வாயால் கேட்டு மறுபாதியைத் தருகிறேன். எட்டுப் பேரைக் கேட்டு முடிக்க இரண்டு மாலைகள் ஆகின்றன. இரண்டு மூன்று வகுப்புகளை ஒன்றாக வைத்துக்கொண்டிருக்கும் ஓர் ஆசிரியர் இதை எப்படிச் செய்வார் என்பது நியாயமான கேள்விதான். வாரம் ஒரு கணக்கை மட்டும், நான்கு நான்கு பேராகப் பேசவைத்துக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சென்ற வாரம் மல்லாட்டை மூட்டையின் விலையைக் கணக்காகக் கொடுத்தேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுதாமலே உட்கார்ந்திருந்தான். ஏனென்றேன். "காஞ்சதா, ஈரமா அக்கா?" என்றான்.

அதற்கு எத்தனை மதிப்பெண் போடுவதென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.